பாதிக் கோபுரம்

எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் எப்போது வரும் என்பதும், யார் வாசலில் யார் வண்டியை நிறுத்தினார்கள் என்பதும்தான் பெரும்பாலும் வரும். ஒரு சனிக்கிழமை காலை அதில் ஒரு படம் வந்தது. கட்டில் விரிப்பின் மேல் வண்ணக் குழாய்கள், தூரிகைகள், தடித்த தாள்கட்டு ஒன்று, மூன்று கால் ஸ்டாண்டு ஒன்று. கீழே இப்படி எழுதியிருந்தது: "படம் வரையும் சாமான்கள். அதிகம் உபயோகிக்கவில்லை. சீக்கிரம் எடுத்துக்கொள்பவர்களுக்குக் குறைத்துத் தரப்படும்."

பிள்ளைகளின் பழைய சைக்கிளை விற்கிறவர்கள்கூட இவ்வளவு அவசரப்படமாட்டார்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூரிகைகளில் ஒன்று உருண்டையான அடியும் கூர் முனையுமாக, மிருக முடியில் செய்தது. படிக்கிற காலத்தில் அதைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறேன். ஒரு முறைகூட வாங்கியதில்லை.

நான் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவள். முன்பு கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுத்தேன், இப்போது கம்ப்யூட்டரில் அதையே செய்கிறேன். கரைக்கு யாளி, உடலுக்கு புட்டா, முந்திக்கு மயில், எல்லாம் என் மேஜையில் இருந்துதான் தறிக்குப் போகிறது. வருமானத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் சென்னை ஓவியக் கல்லூரியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது இதை அல்ல. என்னுடையது நீர்வண்ணம். மற்றவர்கள் எண்ணெய் வண்ணத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நான் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். அப்புறம் கல்யாணம், மகள், வேலை. யாரும் தடுக்கவில்லை. சண்டையும் இல்லை, சோகமும் இல்லை. தண்ணீர் டம்ளர் ஒரு நாள் அலமாரிக்குள் போனது, அவ்வளவுதான்.

விட்டதுகூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. வேறொரு பயம் இருந்தது. யாராவது டிசைனைப் புகழ்ந்தால், "எனக்கு வாட்டர்கலர்தாங்க, இது பிழைப்புக்கு" என்று சொல்லிவிடுவேன். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டியிருக்கிறேன். கடைக்காரர் திட்டினாலும், கணக்குப் பிள்ளை இழுத்தடித்தாலும், மனசுக்குள் அதைச் சொல்லிக்கொண்டால் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளலாம். உட்கார்ந்து வரைந்து பார்த்து, கை வரவில்லை என்று தெரிந்துவிட்டால்? அப்புறம் அதையும் சொல்ல முடியாது. அதனால்தான் சும்மா இருந்தேன். வரையாத வரைக்கும் நான் நீர்வண்ணக்காரி.

இவ்வளவும் தெரிந்தும் அந்தத் தூரிகையைப் பார்த்ததும், "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று குழுவில் போட்டுவிட்டேன்.

விற்கிறவர் யாரோ வெளியூர்க்காரர் என்று நினைத்தால், எங்கள் தெருவின் பைக் கடை பாய்தான். மகளுக்குப் பள்ளிக்கூடப் பையெல்லாம் அவரிடம்தான் வாங்கியிருக்கிறேன். கீழே கடை, மேலே வீடு. மாடிப்படி ஏறியதும் அவர் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"வாம்மா, நீயா? உனக்கு இன்னாத்துக்கு இது? நீதான் கம்ப்யூட்டர்லயே போட்டுக்கினு இருக்கியே."

"சும்மாதான் பாய். வீட்ல கெடக்கட்டுமேன்னு."

"கெடக்கட்டுமேன்னு வாங்காத. அப்படித்தான் நானும் வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். "டாக்டரு சொன்னாரும்மா. பிரஷர் ஏறுது, கடைய விட்டா உங்களுக்கு வேற நெனப்பே கெடையாது, மனசுக்கு அமைதியா எதுனா பண்ணுங்கன்னு. சரின்னு மெட்ராஸ் போயி, இருக்கறதுலயே நல்லதா பாத்து வாங்கிக்கினு வந்தேன். ஒரு தபா குந்தி மாம்பழம் போட்டேன். அது மாம்பழமாவே வர்ல. கோவம் வந்துது. இன்னொரு தபா போட்டேன். இன்னும் கோவம். போயி பிரஷர் பாத்தா, முன்ன இருந்தத விட ஏறிக்கினு இருக்குது."

சமையல்கட்டில் இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "செவுத்த பாரும்மா. பச்ச கறை தெரியுதா? பிரஷ்ஷ தூக்கி அடிச்சாரு. சுண்ணாம்பு அடிச்சும் போவல."

பாய் அதை மறுக்கவில்லை. "இப்ப சாயங்காலத்துல மொட்டமாடில நடக்குறேன். அதுவே போதும். எனக்கு வரல, உட்டுட்டேன். இந்தப் பொட்டிய பாத்தாலே பேஜாரா இருக்குது, எடுத்துக்கினு போயிடு."

எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. வரவில்லை, விட்டுவிட்டேன் என்று இவ்வளவு சுலபமாக ஒரு மனிதர் சொல்கிறார். சொல்லிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கிறார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நேருமோ என்றுதான் நான் இத்தனை வருடம் தாளைத் தொடாமல் இருந்தேன்.

குழாய்களைத் திறந்து பார்த்தேன். சில மூடிகள் ஒட்டிக்கொண்டிருந்தன, சிலவற்றில் வண்ணம் கெட்டித்துப் போயிருந்தது. பரவாயில்லை, நீர்வண்ணத்துக்கு அது ஒரு நோயே அல்ல. தாள்கட்டின் முதல் பக்கத்தில் பாய் போட்ட மாம்பழம் இருந்தது. கைப்பிடி மட்டும் இருந்திருந்தால் பை என்று சொல்லி அவர் கடையிலேயே தொங்கவிட்டிருக்கலாம். "அத கிழிச்சிடு" என்றார். கடைசியாகத் தூரிகையை எடுத்துக்கொண்டு வாஷ்பேசினுக்குப் போனேன். தண்ணீரில் முக்கி, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி உதறினேன். நல்ல தூரிகையாக இருந்தால் அந்த ஒரு உதறலில் முடி எல்லாம் சேர்ந்து ஊசி மாதிரி நிற்க வேண்டும். நின்றது. தூரிகை நன்றாக இருந்ததைவிட, அந்த உதறல் என் மணிக்கட்டுக்கு மறக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

பேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டாண்டில் மட்டும் தகராறு. அதைத் தூக்கப் போனபோது அவர் மனைவி ஈரக் கையோடு வெளியே வந்துவிட்டார்.

"அது மட்டும் இருக்கட்டும்மா. துண்டு காயப் போட வசதியா இருக்குது."

எனக்கும் ஸ்டாண்டு தேவைப்படவில்லை. நீர்வண்ணத்தை நிமிர்த்தி வைத்தால் ஒழுகத்தான் செய்யும். விட்டுவிட்டு வந்தேன். பாய் படிக்கட்டு வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் ஸ்கூட்டரில் வைத்துக் கட்டியும் கொடுத்தார். பெண்ணைக் கட்டிக் கொடுத்த தகப்பன் மாதிரி முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். கெட்டித்த குழாய்களை பிளேடால் கீறி, உள்ளே இருந்த வண்ணத்தைத் தட்டில் வைத்து, சொட்டுத் தண்ணீர் விட்டேன். வண்ணம் இளகியது. நான் இளகவில்லை. எதிரே ஒரு பித்தளைச் சொம்பை வைத்து வரைந்தேன். சொம்பின் மேல் ஜன்னல் வெளிச்சம் விழுந்து, மஞ்சள் மெல்ல மெல்லப் பழுப்பாகி, அடியில் கறுப்பாகக் கரைந்துகொண்டிருந்தது. தாளில் என்ன வந்தது தெரியுமா? மஞ்சள் ஒரு கட்டத்தில், பழுப்பு இன்னொரு கட்டத்தில், கறுப்பு மூன்றாவது கட்டத்தில். ஒன்றை ஒன்று தொடாமல், வரப்பு வெட்டிக்கொண்டு நின்றன.

டிசைனில் அப்படித்தான். ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம், ஏனென்றால் அங்கே ஒரு நூல்தான் மேலே வரும். பாதி சிவப்பு பாதி மஞ்சள் என்று ஒரு கட்டம் கிடையவே கிடையாது. நீர்வண்ணத்திலோ இரண்டு நிறத்தை ஈரமாக இருக்கும்போதே பக்கத்தில் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவை தாமாகப் பேசிக்கொள்ளும். நான் ஒவ்வொரு நிறமும் காய்கிற வரைக்கும் காவல் இருந்தேன். ஓரம் ஓடினால் துணியை வைத்து ஒற்றி எடுத்தேன். மறுபடியும் போட்டேன், எலுமிச்சம்பழம், தக்காளி, ஜன்னல் திரை. எல்லாமே கட்டம் கட்டமாகத்தான் வந்தன.

கல்லூரியில் படிக்கிற என் மகள் எட்டிப் பார்த்தாள். "சூப்பரா இருக்கும்மா. பட் தக்காளி ஒரு மாதிரி பார்டர் டிசைன் மாதிரி இருக்கு."

அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பயந்ததுதான் நடந்திருக்கிறது, கை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பாய் குழுவில் போட்ட அதே வாசகத்தைப் பிரதி எடுத்து, "அதிகம் உபயோகிக்கவில்லை" என்பது வரைக்கும் அப்படியே வைத்துக்கொண்டு, அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்தேன். பிறகு, வெளியே போய் ஒரே ஒரு தடவை வரைந்து பார்ப்போம், அதிலும் வராவிட்டால் அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். எனக்கு நீர்வண்ணம் எப்போதும் வெளியில்தான் வந்திருக்கிறது.

எங்கள் காஞ்சிபுரத்துக்குள் உட்கார முடியாது. எந்தக் கோயில் வாசலில் உட்கார்ந்தாலும் தெரிந்த தறிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "இன்னாம்மா, புது முந்தியா?" என்று கேட்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மகளை எழுப்பி, பக்கத்தில் இருக்கும் திருப்புட்குழிக்கு வண்டியை ஓட்டச் சொன்னேன். அங்கே கோயில் குளத்தைப் பார்த்து உட்கார்ந்தால் கேட்க ஆள் இல்லை. அவள் முனகிக்கொண்டே ஓட்டினாள். இட்லி வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஒரு ஓரமாக உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டேன். மகள் சற்றுத் தள்ளி போனோடு உட்கார்ந்தாள். தாளின் நடுவில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, கோபுரத்தை வரைய ஆரம்பித்தேன். ஆச்சரியமாக, வந்தது. நிலை நிலையாக, மாடம் மாடமாக, பொம்மைகளின் தோள் வளைவுகூட இடறாமல் வந்தது. வண்ணமும் போட்டேன். காலை வெயில் பட்ட செங்காவியும் மஞ்சளும் ஓரளவு சரியாகவே உட்கார்ந்தன. என்னை மறந்து வேலை செய்தேன். கடைசிக் கலசத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தபோது எனக்கு உயிர் வந்தது. முடித்துவிட்டேன், கை போகவில்லை என்று சொல்லிக்கொண்டு தூரிகையைக் கழுவ ஆரம்பித்தேன்.

மகள் எழுந்து வந்து பின்னால் நின்றாள்.

"ம்மா, இன்னும் லோட் ஆகுதா?"

"எது?"

"கோபுரம். பாதிதான வந்திருக்கு. மீதி எங்க?"

"அது தானா வந்துடும்டி" என்றேன்.

சொன்னபிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. தாளைப் பார்த்தேன். நடுக்கோட்டுக்கு இடது பக்கம் பாதிக் கோபுரம், பாதி வாசல், பாதிக் கலசம். கத்தியால் அறுத்த மாதிரி நின்றது. வலது பக்கம் வெறும் வெள்ளை.

இந்தத் தப்பை எங்கள் தொழிலில் இருப்பவர்களைத் தவிர உலகத்தில் யாரும் செய்யமாட்டார்கள். கோபுரமோ அன்னமோ, இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிற எதையும் நாங்கள் பாதிதான் போடுவோம். மீதியைக் கம்ப்யூட்டர் திருப்பிப் போட்டுக்கொள்ளும். கிராப் தாள் காலத்திலும் பாதிதான், மறு பாதியைத் தறியில் டிசைனைக் கட்டுகிறவர் பார்த்துக்கொள்வார். பாதி முடிந்தால் என் மூளைக்கு வேலை முடிந்தது. இடுப்பை நிமிர்த்தி, பையைக் கட்டி, கூலிக்குக் காத்திருக்கத் தொடங்கிவிடும்.

மகள் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வந்ததே என்று நான் சந்தோஷப்பட்டது எது? நீர்வண்ணம் இல்லை. பழைய டிசைன்தான், கொஞ்சம் தண்ணீர் கலந்து. தாளைக் கிழிக்கப் போனேன்.

"கிழிக்காதம்மா. அந்தப் பக்கமும் போட்டுடு. அதே மாதிரிதான இருக்குது?"

அதே மாதிரிதானா என்று பார்க்கத்தான் தலையைத் தூக்கினேன். இல்லவே இல்லை. இடது பாதியில் வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. வலது பாதி ஒரே நிழல். ஒரு மாடத்துக்குள் அரசங்கன்று முளைத்து ஆடியது. ஒரு பொம்மைக்குக் கை உடைந்திருந்தது. ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றைக் கம்பியால் கட்டியிருந்தார்கள், அதன்மேல் புறா எச்சம் வழிந்திருந்தது. அங்கே உட்கார்ந்ததில் இருந்து அந்தப் பக்கம் நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்க்க அவசியம் இருப்பதாகவே தோன்றவில்லை.

பென்சிலை எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடியும் கட்டம்தான். குளத்தில் மொண்ட தண்ணீரை அந்த வெள்ளைப் பாதி முழுக்கத் தடவி நனைத்தேன். நீலத்தையும் பழுப்பையும் குழைத்து, பாயின் தூரிகை நிறைய எடுத்து, நிழலை அப்படியே வைத்தேன். வைத்ததும் அது ஓட ஆரம்பித்தது. கோபுரத்தின் ஓரத்தைத் தாண்டி வானத்துக்குள் போனது. கீழே வாசல் வழியாக வழிந்து குளத்துக்குள் இறங்கியது. நடுக்கோட்டைத் தாண்டி, நான் பார்த்துப் பார்த்துப் போட்ட மாடங்களுக்குள்ளும் ஒரு நாக்கு நீட்டியது. என் இடது கை விரல்கள் தாமாகவே மடங்கின, கம்ப்யூட்டரில் போட்டதை அழிக்கிற பொத்தான் இருக்கும் இடத்தைத் தேடி. மடியில் பலகைதான் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த பயம்தான்.

முன்பு ஒரு முறை மயிலின் கண்ணில் ஒரே ஒரு கட்டம் தள்ளிப் போய்விட்டது. அந்தக் கரையில் நெய்த அத்தனை சேலையிலும், ஒரு முனையில் இருந்து மறுமுனை வரைக்கும், அத்தனை மயிலுக்கும் மாறுகண். அதில் இருந்து எந்த டிசைனையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த பிறகுதான் அனுப்புவேன். அனுப்பிய பிறகும் முதல் சேலை தறியில் இருந்து இறங்குகிற வரைக்கும் போன் அடித்தால் திடுக்கிடும். நான் தப்பு செய்தால் அது ஒரு தப்பாக நிற்காது. யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை நாள் முழுக்க நெய்வார்.

நிழல் ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஒற்றி எடுக்கத் துணியைத் தேடினேன், பிறகு நின்றேன். இதை யாரும் நெய்யப்போவதில்லை என்று தோன்றியது. இது இந்த ஒரு தாளில், இந்த ஒரு இடத்தில் ஒழுகியிருக்கிறது. இதோடு சரி. எந்தக் கடையில் இருந்தும் போன் வராது. யார் கல்யாணத்திலும் யாரும் இதைக் கட்டிக்கொண்டு உட்காரமாட்டார்கள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவ்வளவு பெரிய நிம்மதி எனக்கு வந்து வெகு காலமாகிறது. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது, வெயில் என்று மகளிடம் சொன்னேன்.

அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். நிழல் வானத்துக்குள் போன இடத்தில் ஒன்றும் கெடவில்லை, மேகம் மாதிரிதான் இருந்தது. குளத்துக்குள் இறங்கிய இடம் அசல் தண்ணீராகவே இருந்தது. மாடங்களுக்குள் போன நாக்கு மட்டும் அசிங்கம்தான், அதை விட்டுவிட்டேன். ஈரம் இருக்கும்போதே அரசங்கன்றுக்கு ஒரு பச்சைச் சொட்டு விட்டேன். அது பாட்டுக்குப் பரவி ஒரு கிளையாக நின்றது. ஒலிபெருக்கியையும் போட்டேன்.

மகள் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "இந்தப் பக்கம் குண்டாயிடுச்சும்மா. கோபுரம் சாய்ஞ்சிருக்குது."

"சாய்ஞ்சுதான் இருக்குது."

"அந்தப் பக்கம் நீட்டா இருக்குது. இந்தப் பக்கம்தான் நல்லா இருக்குது. ஏம்மா அப்படி?"

படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கை போய்விட்டதா என்று கேட்டால், கொஞ்சம் போய்த்தான் இருக்கிறது. முன்பு ஒரே இழுப்பில் வானம் போடுவேன், இப்போது அது வராது. தூரத்தில் இருக்கிறதையும் கிட்டே இருக்கிறதையும் ஒரே கனத்தில் போடுகிறேன். இதையெல்லாம் தெரிந்துகொண்டுவிடுவேனோ என்றுதான் இத்தனை வருடம் பயந்தேன். தெரிந்துவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பசிதான் எடுத்தது.

இட்லிக் கடைக்குப் போகிற வழியில், அடுத்த ஞாயிறும் வண்டி வேண்டும் என்று மகளிடம் சொல்லிவைத்தேன்.